அமெரிக்கரின் பிக்அப்பும் ஜப்பான் பெயரும்: கோழி வரி முதல் கதவு ஸ்டிக்கர் வரை

கேள்வி இது: கேம்ரி, சிவிக் என்று ஜப்பான் கார்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் அமெரிக்கர், பெரிய பிக்அப் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டி) என்று வந்ததும் ஃபோர்டு, ஷெவி (ஷெவர்லே), ராம் என்ற மூன்று அமெரிக்க பிராண்டுகளைத் தாண்டி ஏன் பார்ப்பதில்லை? விளம்பரம் ஊட்டிய வெறுப்பா, வண்டியிலேயே குறையா?

முதலில் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். எல்லா பிக்அப்பிலும் இந்த வெறுப்பு கிடையாது. நடுத்தர அளவில் டொயோட்டா டகோமாதான் ராஜா. 2018 முதல் 2023 வரை ஆண்டு தவறாமல் 2 லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய டகோமாவை விற்கப் போனால் கிடைக்கும் விலையைப் பார்த்து மற்ற பிராண்டு வைத்திருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சிக்கல் முழு அளவு வண்டியில் மட்டும். டொயோட்டா டண்ட்ரா அதிகம் விற்ற ஆண்டு 2007. அந்த ஆண்டு 1,96,555 வண்டிகள். அதே ஆண்டில், சந்தை மந்தமாக இருந்தபோதும், ஃபோர்டு எஃப் வரிசை 6.9 லட்சம் போயிற்று. நிசான் டைட்டன் 2003-ல் வந்து, இருபது ஆண்டு முட்டி மோதி, 2024-உடன் மூட்டை கட்டியது.

ஒரே வாங்குபவர், ஒரே பேட்ஜ். சின்ன வண்டியில் நம்புகிறார், பெரிய வண்டியில் நம்பவில்லை. வெறும் இன வெறுப்பு என்றால் இரண்டிலும் அல்லவா இருக்க வேண்டும்? என் பார்வையில் அடித்தளம் போட்டது ஒரு வரி. விளம்பரம் அதன் மேல் பூசிய வண்ணம்தான். ஆனால் அந்த வண்ணம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

வரியின் கதை கோழியில் தொடங்குகிறது. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகள் மலிவான அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை ஏற்றின. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நான்கு பொருள்களுக்கு வரி போட்டார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக டிரக். குறி வைத்தது ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு. மற்ற மூன்றின் கூடுதல் வரி காலப்போக்கில் போயிற்று. காருக்கான வரி பின்னாளில் 2.5 சதவீதம் வரை இறங்கியது. டிரக் வரி மட்டும் 25 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. ஜெர்மானியர் மேல் எறிந்த கல் ஜப்பானியர் தலையில் விழுந்தது என்று சொல்லலாம்.

இதைத் தாண்ட ஜப்பான் நிறுவனங்கள் கண்ட வழி வேடிக்கையானது. பிக்அப்பின் பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டி கேபினோடு சேர்ந்த ஒரே உடம்பு அல்ல, தனிப் பெட்டி. ஆறு அல்லது எட்டு பெரிய போல்ட்டில் சேஸிஸின் மேல் உட்கார்ந்திருக்கும். தொட்டி இல்லாமல் கேபினும் சேஸிஸும் மட்டும் கப்பலில் வந்தால் அது முழு வண்டி அல்ல, ‘கேப் சேஸிஸ்’. அதற்கு வரி 4 சதவீதம். அமெரிக்கக் கரையில் இறக்கி, தொட்டியைத் தூக்கி வைத்து, போல்ட்டை முறுக்கினால் வண்டி தயார். இந்த வழியில் வந்தவற்றில் டட்சனும் (நிசானின் அன்றைய பெயர்) டொயோட்டாவும் மட்டும் இல்லை. 1972-ல் ஷெவர்லே விற்கத் தொடங்கிய லவ் என்ற குட்டி பிக்அப் இசுசு செய்தது. அதே ஆண்டு வந்த ஃபோர்டு கூரியர் மஸ்டா செய்தது. ‘அமெரிக்க வண்டிதான் வேண்டும்’ என்று வாங்கியவர்கள் அறியாமலே ஜப்பான் வண்டியை ஓட்டினார்கள். பேட்ஜ் மாறினால் பிடிப்பும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனையை எந்த ஆய்வாளரும் அமைத்திருக்க முடியாது. பின்னால் தலைகீழாகவும் நடந்தது: 1994 முதல் மஸ்டா பி வரிசை என்று விற்றது உண்மையில் ஃபோர்டு ரேஞ்சர், 1996-ல் வந்த இசுசு ஹோம்பரே உண்மையில் ஷெவி எஸ்-10.

சுபாரு இன்னும் ஒரு படி மேலே போனது. 1978-ல் வந்த பிராட் வண்டியின் தொட்டிக்குள் பின்னோக்கிப் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, ‘இது பயணிகள் கார்’ என்று காட்டி வரியிலிருந்து தப்பித்தது.

1980-ல் கேப் சேஸிஸ் ஓட்டையை அடைத்தார்கள். அதே ஆண்டு நிசான், டென்னசியில் ஸ்மிர்னா என்ற ஊரில் தொழிற்சாலை போடுவதாக அறிவித்தது. அடிக்கல் நாட்டு விழாவிலேயே கட்டுமானத் தொழிற்சங்கத்தார் எதிர்ப்புக் காட்டினார்கள். 1983 ஜூனில் அங்கிருந்து முதலில் உருண்டு வந்தது ஒரு வெள்ளை பிக்அப்.

இந்த வரி மனதில் செய்த வேலையைப் பாருங்கள். 25 சதவீதம் கட்டிவிட்டுப் பெரிய டிரக் அனுப்பினால் விலை கட்டுப்படியாகாது. ஜப்பானுக்குள்ளேயோ அந்த அளவு வண்டிக்குச் சந்தையே இல்லை. ஆகவே முப்பது ஆண்டுகள் அமெரிக்கர் கண்ணில் பட்ட ஜப்பான் டிரக் எல்லாம் சின்னது, நான்கு சிலிண்டர், மலிவு, கல்லூரிப் பையன் ஓட்டுவது. பண்ணைக்காரருக்கும் கட்டடம் கட்டுபவருக்கும் தேவையான வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), எட்டடித் தொட்டி, ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ என்று அழைக்கப்படும் கனரக வகைகள் மூன்று அமெரிக்க நிறுவனங்களிடம் மட்டுமே இருந்தன. ‘ஜப்பான்காரனுக்குப் பெரிய டிரக் செய்யத் தெரியாது’ என்பது வெறும் கட்டுக்கதை அல்ல. அவர்கள் செய்து பார்க்காத காலத்தில் உருவான முடிவு. காலம் மாறிய பிறகும் முடிவு மாறவில்லை, அவ்வளவுதான்.

டொயோட்டாவும் தன் பங்குக்கு அந்த முடிவுக்கு உரம் போட்டது. 1993 மாடலாக வந்த டி100-ல் எட்டடித் தொட்டி இருந்தது; நான்குக்கு எட்டு அடி பிளைவுட் பலகை சக்கர வளைவுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். ஆனால் 150 குதிரைத்திறன் வி6 ஒன்றுதான். தொடக்கத்தில் ஒற்றை கேபின் மட்டும். ஜப்பானில் செய்ததால் விலையில் வரியும் ஏறியது. பெரிய டிரக் மாதிரி விலை, பெரிய டிரக் மாதிரி இல்லை. அடுத்ததற்கு டி150 என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். எஃப்-150 வைத்திருந்த ஃபோர்டு சும்மா விடுமா? பெயர் டண்ட்ரா ஆயிற்று. 1999-ல் இந்தியானா மாநிலம் பிரின்ஸ்டனில் தயாராகி, 4.7 லிட்டர் வி8 உடன் வந்தது.

வெறுப்பின் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் போவது நியாயம் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பகுதியில் ஆலைகள் மூடி, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தொழிற்சங்க வளாகங்களில் வெளிநாட்டு வண்டி நிறுத்தத் தடை. 1982 ஜூனில் வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்கரை, கார் தொழிலில் இருந்த இருவர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அவர் ஜப்பானியரே அல்ல. அவர்களுக்குக் கிடைத்த தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சோற்றை வைத்து ஜப்பான் வண்டிகளைக் கேலி செய்யும் வசைச்சொல் இன்னும் வழக்கில் இருக்கிறது. மிச்சிகன், ஒஹையோ குடும்பங்களில் பிராண்டுப் பற்று என்பது பெரும்பாலும் சம்பளப் பற்று. ஆலை ஊழியரின் உறவினருக்கும் கிடைக்கும் தள்ளுபடி விலையும் அதில் சேர்த்தி. இதை விளம்பரம் உண்டாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

விளம்பரத்துக்கு வருவோம். அமெரிக்க பிக்அப் விளம்பரத்தில் இரண்டு வகை. ஒன்று மண், வியர்வை, கொடி. இன்னொன்று எண்.

முதல் வகையில் ஷெவர்லே 1991 முதல் 2004 வரை பாப் சீகர் பாடிய ஒரே பாட்டை வைத்து ஓட்டியது. பாறை போல உறுதி என்பதுதான் பாட்டின் சாரம். 2006-ல் ஜான் மெல்லன்காம்ப் பாட்டோடு வந்த சில்வராடோ (ஷெவியின் முழு அளவு பிக்அப்) விளம்பரம் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ், வியட்நாம் போர், செப்டம்பர் 11 நினைவு ஒளி எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டி, நாடும் நம்முடையது வண்டியும் நம்முடையது என்று முடித்தது. டிரக் விற்க இவ்வளவு தூரம் போகலாமா என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. ஏன் அந்த நேரத்தில்? டெக்சஸில் சான் அன்டோனியோ ஆலையிலிருந்து புதிய டண்ட்ரா வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விளம்பரத்தில் ‘ஜப்பான்’ என்ற சொல் வராது. ‘நம்முடையது’ என்று சொன்னால் போதும், மற்றதைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்வார். கேலி என்னவென்றால், அந்தச் சில்வராடோக்களில் ஒரு பகுதி மெக்சிகோவின் சிலாவோவில் செய்தது; டண்ட்ரா முழுக்க இந்தியானாவிலும் டெக்சஸிலும் செய்தது. 2013 சூப்பர் பவுல் ஆட்டத்தில் (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி) ராம் போட்ட விவசாயி விளம்பரம், வானொலிப் பேச்சாளர் பால் ஹார்வியின் 1978 உரையை வைத்தது, அமெரிக்க விளம்பர வரலாற்றில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்பேன். அப்போது ராமின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் பெரும்பங்கு இத்தாலியின் ஃபியட் கையில்.

டொயோட்டாவும் அதே மொழியைக் கற்றுக்கொண்டது. 2004-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நாஸ்கார் பந்தயங்களின் டிரக் பிரிவில் இறங்கியது. மீன்பிடிப் போட்டிகளில் பணத்தைக் கொட்டியது. ஆலை அமைந்த நிலம் 1794-ல் தொடங்கிய பழைய ராஞ்ச் (கால்நடைப் பண்ணை) என்பதால் 2014 டண்ட்ராவின் உயர் ரகத்துக்கு ‘1794’ என்றே பெயர் வைத்தது. ஃபோர்டிடம் ஒரு டெக்சஸ் பண்ணையின் பெயர் தாங்கிய ‘கிங் ராஞ்ச்’ என்ற உயர் ரகம் இருந்தால் எங்களிடம் இது என்ற கணக்கு. மண்வாசனையை எழுத்துப்பூர்வமாக நிரூபிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

இரண்டாவது வகையில்தான் வாங்குபவர் ஏமாறுகிறார், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2007 சூப்பர் பவுலில் டொயோட்டா ஒரு பிரம்மாண்டமான சீசா பலகையைக் காட்டியது. டண்ட்ரா பத்தாயிரம் பவுண்டு டிரெய்லரை, அதாவது சுமார் 4,500 கிலோவை, அந்தச் சரிவில் இழுத்து ஏற, பலகை மறுபக்கம் சாய, வண்டி இறங்கி வந்து நிற்கும். ‘முழு அளவு டிரக்’ என்று நிரூபிக்க எடுத்தது. 2012 அக்டோபரில் அதைவிடப் பெரிய காட்சி: லாஸ் ஏஞ்சலஸில் 405 நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள பாலத்தில் எண்டெவர் விண்வெளி ஓடத்தை ஒரு டண்ட்ரா இழுத்துப் போனது. வழக்கமாக ஓடத்தைச் சுமந்த இயந்திரங்களின் எடையைப் பாலம் தாங்காது என்பதால் இலகுவான தள்ளுவண்டிக்கு மாற்றினார்கள். மொத்த எடை சுமார் 2,92,000 பவுண்டு. பார்த்தவர் வாய் பிளந்தார். ஆனால் கணக்குப் போடுங்கள். சமதளத்தில் சக்கரத்தின் மேல் இருக்கும் பொருளை நகர்த்த, எடையில் தோராயமாக நூற்றில் ஒரு பங்கு விசை போதும். 132 டன்னுக்கு ஒன்றரை டன்னுக்கும் குறைவு. நடக்கிற வேகத்தில் போனதால் எஞ்சின் திறனும் பெரிதாகத் தேவைப்படாது, சூடும் ஏறாது. தேவைப்பட்டது டயர் பிடிப்பும் தாழ்ந்த கியரும். 2019-ல் ஃபோர்டு தன் மின்சார எஃப்-150 மாதிரியை வைத்துப் பத்து ரயில் பெட்டிகளை, 10 லட்சம் பவுண்டுக்கு மேல், இழுத்துக் காட்டியதும் இதே வித்தைதான். தண்டவாளத்தில் உருள்தடை இன்னும் குறைவு.

உண்மையான சோதனை வேறு. வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பு வகுத்த ஜே2807 என்ற தரம் 2008-ல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுவைத் திறனைத் தானே வகுத்துக்கொண்ட முறையில் அறிவித்தது. ஜே2807-ன்படி அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே 11.4 மைல் ஏற்றத்தில், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல், ஏசி முழுவீச்சில் ஓட, முழு டிரெய்லரோடு வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். சமதளத்தில் நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 30 விநாடிக்குள் எட்ட வேண்டும். 12 சதவீதச் சரிவில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை கிளம்பிக் காட்ட வேண்டும், முன்னோக்கியும், பின்னோக்கியும். எஞ்சின் மட்டும் பெரிதாக இருந்தால் இதில் தேறாது. கூலிங், கியர்பாக்ஸ், பிரேம் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) எல்லாம் சேர்ந்து தேற வேண்டும்.

இந்தத் தரத்தை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா, 2011 மாடலிலிருந்து. விளைவு? டண்ட்ராவின் அறிவிப்பு எண் வகையைப் பொறுத்து 400 முதல் 1,100 பவுண்டு வரை இறங்கியது. வண்டி மாறவில்லை, எண் மட்டும். மற்ற மூவரும் ‘அவர் சேரட்டும், நான் சேர்கிறேன்’ என்று இழுத்தடித்து, 2015 மாடல் வாக்கில்தான் வந்தார்கள். நடுவில் நான்கு ஆண்டுகள் ஷோரூமில் பிரசுரத்தை ஒப்பிட்டவர் கண்ணுக்கு ஜப்பான் டிரக் பலவீனமாகத் தெரிந்தது. பரீட்சை எழுதியவன் மார்க்கையும், தனக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டவன் மார்க்கையும் ஒரே அட்டையில் பார்த்த கதை.

எண்ணை ஏற்றும் வித்தைகள் இன்னும் உண்டு. தன் கனரக வண்டியின் திறனைக் கணக்கிட ஃபோர்டு ஸ்டெப்னி, ஜாக்கி, ரேடியோ, நடுக் கன்சோல் ஆகியவற்றைக் கழித்துவிட்டு எடை காட்டியது 2014-ல் வெளியே வந்தது. ஃபோர்டு, ஹோண்டா, டொயோட்டா மூன்றையும்விடத் தான் நம்பகமானவன் என்ற டிவி விளம்பரத்தை, அந்த மூவரும் ஆட்சேபித்த பின் ஷெவர்லே 2019 ஜனவரியில் நிறுத்தியது. ஆக, அடி ஜப்பானுக்கு மட்டும் இல்லை. 2016-ல் 825 பவுண்டு கல்லைக் கொட்டி ஃபோர்டின் அலுமினியத் தொட்டி ஓட்டையாவதை ஷெவி காட்டியது.

டண்ட்ராவின் பிரேம் பற்றிய பிரசாரம் தனி ரகம். 2007 டண்ட்ராவில் முன்பகுதி மூடிய பெட்டி வடிவம், தொட்டிக்குக் கீழே திறந்த ‘சி’ வடிவம். ஃபோர்டு தன் சோதனைத் தடத்தில் அலை அலையான மேடுகளில் ஓட்டி, டண்ட்ராவின் தொட்டி குதிப்பதைப் படம் பிடித்துப் பரப்பியது. குதித்தது உண்மை. அந்த வடிவம் முறுக்கை உள்வாங்கும், அதனால் குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட இடைவெளி மேட்டில் ஆடும். கான்கிரீட் இணைப்புகள் உள்ள நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இது எரிச்சல்தான். ஆனால் ‘சி’ பிரேம் என்றாலே பலவீனம் என்பது பொய். பதினெட்டுச் சக்கர லாரிகள் அதில்தான் ஓடுகின்றன. ஃபோர்டின் கனரக பிக்அப்பான சூப்பர் டியூட்டியே 2016 மாடல் வரை பின்பகுதியில் ‘சி’ வடிவம்தான். 2022-ல் டண்ட்ராவும் முழுப் பெட்டி பிரேமுக்கு மாறியது.

ஜப்பான் வண்டியின் நிஜக் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. டகோமா, டண்ட்ரா பிரேம்கள் உப்புப் போடும் பனி மாநிலங்களில் உள்ளிருந்து துருப்பிடித்தன. 1995 முதல் 2000 வரையான டகோமாக்களில் மோசமானவற்றை டொயோட்டா சந்தை மதிப்பில் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2016-ல் வந்த வழக்குச் சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை. பழைய வண்டி வாங்குகிறவர் ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுத்து, பின் ஸ்பிரிங் கொக்கிகள் அருகிலும் ஸ்டெப்னிக்கு மேலேயும் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் நல்லது. ‘டப்’ என்று மங்கிய ஒலி வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2024-ல் இரட்டை டர்போ வி6 எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கி பேரிங் போனதால் 1,02,000 வண்டிகளுக்கு ரீகால், அதில் பெரும்பாலும் டண்ட்ரா. ‘டொயோட்டா கெடாது’ என்பதும் ஒரு மூடநம்பிக்கை. 2025-ல் ஷெவியின் தாய் நிறுவனமான ஜிஎம் தன் 6.2 லிட்டர் வி8-க்காக அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் வண்டிகளை அழைத்தது தனிக் கதை.

அதைவிட முக்கியமான குறை: வகை போதாது. முக்கால் டன், ஒரு டன் டிரக் ஜப்பானியர் செய்வதே இல்லை. ஒற்றை கேபின் டண்ட்ரா 2018 மாடலிலிருந்து கிடையாது. மின்வேலை, குழாய்வேலை நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவது அந்த வெள்ளை ஒற்றை கேபின் வண்டிகளைத்தான். வேலைக்குப் போகும் இடத்தில் தினமும் கண்ணில் படுவது எதுவோ அதுவே ‘நிஜ டிரக்’ ஆகிவிடுகிறது. இந்த ஓட்டையை எந்த விளம்பரமும் அடைக்காது.

வாங்கப் போகிறவர் பேட்ஜை மறந்துவிட்டு மூன்று இடம் பார்த்தால் போதும். ஒன்று, வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்-னின் முதல் எழுத்து: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, ‘ஜே’ என்றால் ஜப்பான். இன்றைய டகோமா 3; டண்ட்ரா 5. சில்வராடோ ஆலையைப் பொறுத்து 1, 2, 3 எதுவாகவும் இருக்கும். இரண்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உதிரிபாக லேபிள். 1992 சட்டப்படி கட்டாயம். எஞ்சினும் கியர்பாக்ஸும் எந்த நாடு என்று தனித்தனியே போட்டிருக்கும். அதிலுள்ள சதவீதம் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்தது, அதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள பேலோடு ஸ்டிக்கர். ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும். 1,450 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 620, கருவிப்பெட்டியும் பைகளும் 150, ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) 80. மிச்சம் 600. கேம்பிங் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்தும். அது குறைந்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும், கூடினால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் நழுவும். 12 சதவீதம் என்று எடுத்தால் 600-ஐ 0.12-ஆல் வகுக்க 5,000 பவுண்டு. பிரசுரத்தில் 11,000 என்று போட்டிருக்கும் வண்டி, இந்தக் குடும்பத்தோடு இழுக்கக்கூடியது அவ்வளவுதான். எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் பாரம் முன்னச்சுக்கும் பரவும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் அதனால் அதிகமாகாது. அந்த எண் மாடலுக்கு ஒன்று அல்ல, வண்டிக்கு ஒன்று. சன்ரூஃப், பெரிய சக்கரம், மின்படி என்று ஏற ஏற அது இறங்கும். அதனால் விலை பேசுமுன், நீங்கள் எடுக்கப்போகும் அதே வண்டியின் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.